ஆறு கொண்டுவராத இலை

எந்த வண்டியில் ஏறினாலும் முன் இருக்கையை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. தச்சநல்லூரில் எங்கள் வீட்டு வாசலில் ஜீப் வந்து நின்றபோது என் தங்கை மகள் கோமதி முன்னால் ஏறப் போனாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் சிரித்துக்கொண்டே பின்னால் போய், பழைய செய்தித்தாள் கட்டுகளுக்கும் மண்வெட்டிக்கும் நடுவில் இடம் செய்து உட்கார்ந்தாள். வடக்கே ஓர் ஊரில் ஆராய்ச்சி வேலை பார்க்கிறவள். அங்கே அவளை எல்லாரும் மேடம் என்கிறார்களாம். இருக்கட்டும். நிலம் என்னுடையது.

அந்த நிலம் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே, செம்மணல் தேரிக்கு ஓரமாக, புல்கூட முளைக்காமல் கிடக்கும் ஒரு பொட்டல். என் மாமனார் காலத்தில் வயலும் தோப்புமாக எத்தனையோ இருந்தன. எல்லாம் போய், யாரும் கேட்காத இது மட்டும் மிஞ்சியது. செங்கல் சூளைக்கு அங்கே மண் எடுத்திருக்கிறார்கள். எடுத்த பள்ளத்தின் அடியில், ஆள் உயரத்துக்கும் கீழே, களிமண்ணுக்குள் இலைகள் படிந்து கிடக்கின்றன. மனிதர் எழுதிவைக்காத காலத்து இலைகள். நிலத்துக்கு உரிய வீட்டு ஆள் ஒருவர் வந்து நின்றால்தான் மண்வெட்டி எடுப்போம் என்று வேலையாட்கள் சொல்லிவிட்டார்கள். அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டாள்.

கோமதியின் வேலை என்னவென்று வழியிலேயே கேட்டேன். இரண்டாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் விளங்கும்படி சொன்னாள். பழைய இலையைப் பார்த்து அந்தக் காலத்து மழையையும் வெயிலையும் கணக்கிடுவதாம். மழை அதிகமான காட்டில் பல மரங்களுக்கு இலை நுனி வால்போல் நீண்டிருக்கும், தண்ணீர் தங்காமல் வடிய. குளிர் தேசத்து மரங்களில் ஓரம் ரம்பம்போல் பல் பல்லாக இருப்பது அதிகம். வெப்பமான இடத்தில் வழவழப்பான ஓரம் அதிகம்.

“வேப்பிலைக்குப் பல்லு இருக்கே. நம்ம ஊரு என்ன குளிரிலயா நடுங்குது?” என்றேன்.

வண்டி ஓட்டிய இசக்கி பலமாகச் சிரித்தான்.

“ஒரு இலையை வச்சுச் சொல்ல முடியாது பெரியம்மை. காடு முழுக்க இருக்க மரத்துல எத்தனை சாதிக்குப் பல்லு, எத்தனை சாதிக்கு இல்லைன்னு எண்ணணும்” என்றாள் கோமதி.

பள்ளத்தில் கிடைத்த இலைகளில் முக்காலுக்கும் வால் இருக்கிறதாம். அப்படியானால் அந்தப் பொட்டலில் ஒரு காலத்தில் மழைக்காடு நின்றது என்று இவள் சொல்கிறாள். இவளுக்கு மேலே உள்ள ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த இலைகள் பொதிகை மலையில் உதிர்ந்தவை, தாமிரபரணி அடித்துக்கொண்டு வந்து கீழே போட்டிருக்கிறது, அங்கே காடும் இல்லை ஒன்றும் இல்லை என்கிறாராம். ஆறு கொண்டுவந்ததா, இல்லையா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் மலையிலிருந்து கடல் வரை இந்தப் பயணம்.

எனக்கும் ஒரு காரியம் இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. என் பைக்குள் மஞ்சள் துணியில் கட்டிய ஒரு தோள்துண்டு இருந்தது.

முப்பது வருடத்துக்கு மேலாகிறது. ஓர் ஆடி அமாவாசைக்கு என் கணவர், எங்கள் வழக்கில் என் வீட்டுக்காரர்கள், பாபநாசத்துக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போனார்கள். மலையில் மழை பெய்து ஆறு பெருகிக் கிடந்தது. அவர்கள் படியில் இறங்கியதைப் பார்த்தவர்கள் உண்டு. ஏறியதைப் பார்த்தவர் இல்லை. சில நாள் கழித்து, கீழே ஓர் அணைக்கட்டின் படியில் கிடந்தது என்று ஒருவர் இந்தத் துண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். மூலையில் எங்கள் வீட்டுச் சலவைக் குறி, சேங்கொட்டை மையில் மூன்று புள்ளியும் ஒரு கோடும். வெளுக்கிறவர் எங்கள் வீட்டுத் துணிக்கு மட்டும் போடுவது. குறியைப் பார்த்ததும் பெரியவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். தர்ப்பைப் புல்லால் ஆள் செய்து எரித்தார்கள். துண்டை மட்டும் எரிக்க வேண்டாம் என்றார்கள் என் மாமியார். ஆறு திருப்பிக் கொடுத்ததை விரிக்கவும் கூடாது, அலசவும் கூடாது என்றார்கள். மடித்தது மடித்தபடி பீரோவில் வைத்தேன். அந்தத் துண்டின் பேரில் பூவை விட்டேன், பொட்டை விட்டேன், தாலியைக் கழற்றினேன். இப்போது முழங்கால் இரண்டும் என் சொல் கேட்பதில்லை. நான் போவதற்குள் அதைப் புன்னக்காயல் முகத்துவாரத்தில் கடலுக்குக் கொடுத்துவிட வேண்டும். அவர்கள் போன வழிக்கே அதுவும் போகட்டும்.

அம்பாசமுத்திரத்தில் காலைச் சாப்பாடு. இட்லி பஞ்சாகத்தான் இருந்தது, சாம்பாரில் பெருங்காயத்தை அள்ளிக் கொட்டியிருந்தார்கள். எங்கள் வீட்டில் அப்படிச் செய்தால் வைத்த பாத்திரத்தோடு திரும்பிப் போகும். வெளியே வந்தால் இசக்கி முன்கண்ணாடியைச் சட்டைக் கையால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“ஆச்சி, ஒரு பழைய துணி இருந்தாத் தாங்களேன். துடைக்கிற கை வேலை செய்யல. பூச்சி வந்து அப்புது, ரோடு தெரிய மாட்டேங்கு.”

“வண்டி வச்சிருக்கவன் துணி வச்சிருக்க வேண்டாமால?”

“வச்சிருந்தேன். பொண்டாட்டி துவைச்சு மடிச்சு உள்ள வச்சுட்டா.”

பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டேன்.

பாபநாசத்துக்கு மேலே காட்டுக்குள் போக கோமதி அனுமதி வாங்கியிருந்தாள். மேல் அணையில் மழையை அளந்து வைத்திருக்கிறார்கள், அதனால் இந்த இலைக்கு இவ்வளவு மழை என்று தெரியும், தெரிந்த இலையை வைத்துத்தான் தெரியாத இலையைப் படிக்க வேண்டும் என்றாள். அவள் பறித்துப் பறித்துத் தாளுக்குள் வைத்தாள். நான் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தேன். மழை எப்போதோ விட்டிருந்தது. ஆனாலும் சொட்டுச் சத்தம் நிற்கவில்லை. தலைக்கு மேல் ஆயிரம் வால்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு துளி. ஒன்று விழுந்தால் பக்கத்தில் ஒன்று விழும். யாரோ பாதத்தை எடுத்து எடுத்து வைத்துப் பைய நடப்பதுபோல் இருந்தது. இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன்.

கீழே இறங்கி வந்து படித்துறையைப் பார்த்தேன். அவர்கள் இறங்கிய படி எதுவென்று எனக்குத் தெரியாது. ஒரு கூட்டம் முழுகி எழுந்து, உடுத்தியிருந்ததை ஆற்றோடு விட்டுவிட்டுக் கரையேறிக்கொண்டிருந்தது. ஒரு பெரியவர் நெற்றியில் திருநீற்றைக் குழைத்துப் பூசிக்கொண்டு விரலை வேட்டியில் துடைத்தார். என் வீட்டுக்காரர்களும் அப்படித்தான். குளித்து ஈரம் துவட்டிய பிறகு மூன்று விரலால் பட்டை போடுவார்கள். பிறகு அந்த மூன்று விரலையும் தோளில் கிடக்கும் துண்டில் ஓர் இழுப்பு. வெளுக்கிறவர் என்னிடம் வந்து குறைப்படுவார், நான் அவர்களிடம் குறைப்படுவேன். கேட்டால்தானே.

தண்ணீர் கண்ணாடியாக ஓடியது. அடியில் கிடந்த கூழாங்கல் எல்லாம் தெரிந்தது. ஓர் ஆளை எடுத்துக்கொண்ட தண்ணீருக்கு முகத்தில் ஒரு கலக்கமாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் கீழே ஓர் அணைக்கட்டுக்குப் போனோம். எந்த அணைக்கட்டு என்று சொல்லப் போவதில்லை. துண்டு கிடைத்தது அதன் படியில்தான்.

கோமதி போன முறை வந்தபோதே மலையில் ஒரு வேலை செய்துவிட்டுப் போயிருந்தாள். வால் நுனி இலைகளைச் சின்னக் கொப்புகளாக ஒடித்து, காம்பில் சிவப்பு நூல் கட்டி, கூடை கூடையாக ஆற்றில் விட்டிருக்கிறாள். மதகில் அடைகிற குப்பையை வாரிப்போடும் ஆளிடம், சிவப்பு நூல் கண்டால் எடுத்து வையுங்கள் என்று சொல்லியும் வைத்திருந்தாள். அவர் பெயர் சுடலை. நீண்ட கொக்கிக் கம்போடு நின்றார்.

“மேடம், உங்க பூசைச் சாமானெல்லாம் எடுத்து வச்சிருக்கேன். எந்தச் சாமிக்கு நேந்துக்கிட்டிய?”

“மழைச்சாமிக்கு அண்ணாச்சி” என்றாள் கோமதி.

வாளியைக் கவிழ்த்தார். சிவப்பு நூல்கள். நூலில் காம்பு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. சிலதில் நடு நரம்பு, மீன் முள்போல். சிலதில் அதுவும் இல்லை, வெறும் முடிச்சு. இலையென்று சொல்ல ஒன்றுகூட இல்லை. வெயிலில் அந்த நூல்கள் காய்ந்து சுருண்டதைப் பார்க்க, கட்டியிருந்த விரல் கழன்று போன மாதிரி எனக்குத் தோன்றியது.

கோமதிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. “பாத்தியளா பெரியம்மை! பாறையில அடிச்சு, மதகுல மாட்டி, நடுவுல எத்தனை தடுப்பு! இவ்வளவு தூரத்துக்கே இந்தக் கதி.”

கரையில் இன்னொரு குவியல் கிடந்தது. பாபநாசத்தில் விட்ட துணிகள். சேலையா வேட்டியா என்று தெரியாமல், நார் நாராக, பாசி பிடித்து, நெசவுக்குள் சேறு ஏறிக் கனத்துக் கிடந்தன.

“வெள்ளக் காலத்துல வந்தா?” என்று கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன். “வெள்ளம் தூக்கிட்டு வந்தா முழுசா வருமோ?”

சுடலை என்னை ஒரு பார்வை பார்த்தார். “வெள்ளம்னா இன்னும் மோசம்லா ஆச்சி. மரத்தையே தோலுரிச்சுல்லா கொண்டாருது. உங்களுக்கு எதும் போயிட்டோ?”

“எங்க வீட்டுல எதும் போகாது” என்றேன்.

ஜீப்பில் ஏறியபின் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் காலத்துத் தறி நெசவு வேறு. இழை கெட்டி. ஒரு கொப்பில் மாட்டி மிதந்து வந்திருக்கும். மேலாக வந்தால் சேறு ஏறாது. படியில் கண்டெடுத்தவர் அலசிக் காயவைத்து மடித்திருப்பார். நல்ல மனுசர். இதையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டேன். இத்தனை சமாதானம் எனக்கு அதுவரை தேவைப்பட்டதில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

அன்று பகல் சாப்பாடு என் நாத்தனார் மருமகள் வீட்டில். சொதி வைத்திருந்தாள். தேங்காய்ப்பால் திரியாமல், இஞ்சிப் பச்சடியோடு, குறை சொல்ல வழியே இல்லை. இரண்டு கவளத்துக்கு மேல் எனக்கு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை பொட்டலுக்குப் போகும் வழியில் ஜீப் தேரி மணலில் புதைந்தது. சக்கரம் சுற்றச் சுற்ற உள்ளே இறங்கியது. இசக்கியும் கோமதியும் பனை மட்டையைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்துத் தள்ளினார்கள். நான் இறங்கவில்லை.

“ஆச்சி, நீங்க இறங்குனா வண்டி எந்திரிக்கும்.”

“நான் ஏறினதுனாலயால புதைஞ்சுது? உனக்கு ரோடு தெரியல. அதுக்கு நான் என்ன செய்ய?”

“கண்ணாடி பூரா மண்ணு. துணி கேட்டேன், தந்தியளா?”

எங்கும் சிவப்பு மணல், காற்றில் நெளிந்து நெளிந்து நகர்ந்தது. பறவை இல்லை. சற்றுமுன் நாங்கள் வந்த சக்கரத் தடம் திரும்பிப் பார்ப்பதற்குள் தூர்ந்துவிட்டது. எங்கள் தச்சநல்லூர் வெயிலைக் கொடியது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அங்கே வெயிலுக்குக் கீழே மனிதர் இருக்கிறார்கள்.

பள்ளத்தில் எனக்காக மண்ணைப் படியாக வெட்டியிருந்தார்கள். மூன்று வேலையாட்கள், பள்ளத்துக்கு வெளியே நின்றார்கள். நான் இறங்கியபின்தான் இறங்கினார்கள். அடியில் கால் வைத்ததும் குளிர்ந்தது. மேலே மணல் கொதிக்கிறது, கீழே என் பாதத்தில் ஈரம் ஊறுகிறது. ஈரத்தில் ஒரு வாடை. முந்தாநாள் மலையில் அந்தப் பாறையில் உட்கார்ந்திருந்தபோது அடித்த அதே வாடை.

கோமதி களிமண்ணைப் பாளமாக வெட்டி எடுத்து, கத்தியால் நெம்பிப் புத்தகம்போல் விரித்தாள்.

“பெரியம்மை, கண்ணை எடுக்காமப் பாருங்க.”

உள்ளே ஓர் இலை. கறுப்பு இலையைத்தான் எதிர்பார்த்தேன். அது சிவப்பாக இருந்தது, நேற்று உதிர்ந்த பாதாம் இலைபோல. நரம்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. நுனியில் நீண்ட வால், கடைசிவரை உடையாமல். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து கறுப்பு ஏறத் தொடங்கியது. தாள் எரிவதுபோல் நெருப்பில்லாமல் உள்ளே உள்ளே போயிற்று. நான் வாய் திறந்து ஏதோ சொல்வதற்குள் முழு இலையும் கரியாகிவிட்டது.

ஒரு வேலையாள் பின்வாங்கி மேலே ஏறிவிட்டான். “இது கண்ணு முழிச்சுப் பாத்துட்டுச் சாவுது” என்றான்.

“காத்துப் பட்டா அப்படித்தான்” என்றாள் கோமதி. “இத்தனை காலமும் காத்துப் படாமக் கெடந்துருக்கு. அதான் நிறம் அப்படியே இருக்கு. எத்தனை ஆயிரம் வருசம்னு இன்னும் கணக்கு வரல.”

அடுத்த பாளம். ஒரே கொப்பில் மூன்று இலை. அடுத்ததில் இலைக்கு மேல் இலை, மடங்காமல், கிழியாமல், ஒன்றின் வால் மற்றதன் மேல் படிந்து. எல்லாம் ஒரு கணம் உயிர் நிறத்தில் இருந்தன, பிறகு கறுத்தன. சொட்டுச் சத்தம் கேட்டது. சுவரில் ஊறிய நீர் சொட்டியிருக்கும். ஆனால் அது தலைக்கு மேலிருந்து கேட்டது. நிமிர்ந்தேன். வெறும் வானம். அந்த வெற்று வெளியில் கிளையும் இலையுமாக ஏதோ நிறைந்து நிற்பதுபோலவும், அதற்கடியில் நான் உட்கார்ந்திருப்பதுபோலவும் இருந்தது.

கோமதி கையில் பாளத்தோடு என் முன்னால் குந்தினாள். “இதுல ஒண்ணுகூட ஆறு கொண்டாந்தது இல்ல பெரியம்மை. அங்கன அணைக்கட்டுல பாத்தியள்லா, வெறும் நூலு. ஆத்துல வந்த பொருளு முழுசா இருக்காது. முழுசா இருந்துச்சுன்னா அது வரல. இங்கனயே நின்ன மரம், நின்ன எடத்துலயே உதிர்த்துருக்கு.”

அவள் காட்டைப் பற்றித்தான் சொன்னாள். அவள் ஜெயித்துவிட்டாள். நான் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு, படிக்கட்டு வரை என் காலாலேயே நடந்தேன். கை கொடுக்க வந்தவர்களை வேண்டாம் என்றேன்.

புன்னக்காயல் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மீன் வாடைக்கு நான் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டேன். படகுக்காரர் மிக்கேல் வீட்டில் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள். அந்த வாடைக்கு நடுவிலும் காப்பி நன்றாக இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். முகத்துவாரத்துக்குப் போக வேண்டும் என்றேன். கோமதி படகுக்குக் கூலி பேசினாள்.

ஆறும் கடலும் சேரும் இடத்தில் மிக்கேல் படகை நிறுத்தினார். தண்ணீர் இரண்டு நிறமாக, ஒன்றோடு ஒன்று கலக்க மனமில்லாமல் உரசிக்கொண்டு கிடந்தது.

“சாம்பலா ஆச்சி?” என்று கேட்டார். “இங்கன நெறையப் பேரு கொண்டாருவாக. காத்துக்கு முதுகு காட்டிப் போடுங்க, இல்லன்னா மூஞ்சியில அடிக்கும்.”

“சாம்பல் இல்ல.”

மஞ்சள் துணியை அவிழ்த்தேன். அப்படியே கட்டோடு போட்டுவிடலாம் என்று கை நீண்டது. நீண்ட கையை இழுத்துக்கொண்டு, மாமியார் வேண்டாம் என்றதை அன்று செய்தேன். துண்டை விரித்தேன்.

ஓரக் குஞ்சம் முறுக்கு அவிழாமல் இருந்தது, ஒவ்வொரு முறுக்கும். ஓர் இழை பிரியவில்லை. இழைக்கு நடுவில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. இரண்டாம் மடிப்பைத் திறந்தேன். உள்ளே, காற்றுப் படாத இடத்தில், மூன்று வெள்ளைக் கோடுகள். மூன்று விரல் அகலம். தொடங்கும் இடத்தில் தடித்து, இழுத்த பக்கம் மெலிந்து. விரலால் தொட்டேன். பொடி என் விரலில் ஒட்டியது.

தண்ணீரில் நனைந்திருந்தால் திருநீறு நிற்காது. அலசியிருந்தாலும் நிற்காது. என் வீட்டுக்காரர்கள் முழுகி எழுந்து, கரையேறி, துவட்டி, பட்டை போட்டு, விரலைத் துடைத்து, பிறகு நாலாக மடித்திருக்கிறார்கள். கீழே அந்த அணைக்கட்டு வரை வந்து, படியில் சலவைக் குறி மேலே தெரியும்படி வைத்திருக்கிறார்கள். குறியைப் பார்த்தால் போதும், எங்கள் வீட்டில் யாரும் விரிக்க மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

கோமதி என் விரலைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள். அவளுக்குக் குடும்பக் கதை தெரியும். “பெரியம்மை…” என்றாள்.

“ஆறு கொண்டாரல கோமதி” என்றேன். “முழுசா இருக்கு.”

அவள் என் தோளைத் தொட வந்தாள். விலகிக்கொண்டேன். மிக்கேலைப் பார்த்து, “படகைத் திருப்புங்க” என்றேன்.

கரையில் இசக்கி ஜீப்பின் மூக்கில் சாய்ந்துகொண்டு நின்றான். கண்ணாடியில் தேரி மண்ணும் உப்புக் காற்றும் சேர்ந்து செங்காவிப் பூச்சாகப் படிந்திருந்தது. என் காலிலும் சேறு. துண்டை எடுத்து இரண்டு பாதத்தையும் அழுந்தத் துடைத்தேன். பிறகு அவனிடம் நீட்டினேன்.

“இந்தால. துணி கேட்டியே.”

“ஆச்சி, நல்ல துண்டுலா இது! புதுசு மாதிரில்லா இருக்கு. இதைப் போயி…”

“தொடைல.”

துடைத்தான். வெள்ளைத் துண்டு சிவந்து, சலவைக் குறி மறைந்து போயிற்று. முன் இருக்கையில் ஏறிக்கொண்டேன். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. பாதை முழுவதும் தெரிந்தது. தச்சநல்லூர் வந்து சேரும்வரை, பஸ்ஸுக்கு நிற்கிறவர், சைக்கிளில் வருகிறவர், கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கிறவர் என்று எதிரே வந்த ஒவ்வொரு கிழவரின் நெற்றியையும் பார்த்துக்கொண்டே வந்தேன்.